கதவில் ஒட்டினால் போதும்

முஜ்கானுக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று துருக்கியின் இஸ்மிர் நகரத்தில் விடிந்ததில்லை. காலையில் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். கீழே மளிகைக்கடைக்காரர் அதில் எள் தூவிய வளையரொட்டி ஒன்றையும் அன்றைய செய்தித்தாளையும் வைத்துக் கயிற்றை ஆட்டுவார். கூடை மேலே வந்ததும் நின்றபடியே முதல் பக்கத்தைப் படிப்பாள். ரொட்டியில் கை வைப்பதற்குள் ரத்தம் தலைக்கேறிவிடும். வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு செய்தி, கடலோரத்தை எவனுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று இன்னொரு செய்தி. "இவனுங்களுக்குச் சூடு சொரணை இருக்கா?" என்று அவள் கேட்கும் கேள்வி எதிர்வீட்டுப் புறாக்களுக்கே மனப்பாடம்.

சாயங்காலம் மூன்று சேனல்கள். ஒன்று அரசாங்கத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடும். இன்னொன்று போட்டு மிதிக்கும். மூன்றாவது இரண்டுக்கும் பயந்து வானிலையை மட்டும் விலாவாரியாகச் சொல்லும். மூன்றையும் கேட்டுவிட்டு, மூன்றுமே சொல்லாமல் விட்டது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. மேல்வீட்டுத் துர்குத், நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், முதல் சேனலைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். இவள் சத்தத்தைக் கூட்டினால் அவரும் கூட்டுவார். நடுவில் இருக்கும் கான்கிரீட் தளம்தான் பாவம். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அவர் விடமாட்டார்.

"என்ன ரேடியோ, நாடு இன்னைக்கு இருக்கா, போயிடுச்சா?"

"உங்க சேனல்ல சொல்ல மாட்டாங்க அண்ணே. போனப்புறம் சொல்லுவாங்க."

"இப்படி எரிஞ்சு எரிஞ்சு உனக்கு என்னதான் கிடைக்குது?"

"எனக்குக் கோபம் வர்ற வரைக்கும் நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம். அது போயிட்டா நானும் உங்கள மாதிரி கைதட்டிக்கிட்டு உக்காந்துருப்பேன்."

இந்தப் பழக்கம் அவளுக்குச் சும்மா வரவில்லை. இளம்வயதில் அவள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். கணவன் நெஜாத் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஆறு மாதம் கடலில், மீதி நாள் கடன்காரர்களிடம். இருவரும் ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சந்தா கட்டினார்கள். சங்கத் தலைவர் ஆண்டுதோறும் கூட்டத்தில் எழுந்து நின்று, "அடுத்த வருஷம் சாவி" என்பார். எல்லாரும் கை தட்டுவார்கள். ஒருநாள் உணவு இடைவேளையில், ரொட்டி சுற்றி வந்த பழைய செய்தித்தாளில் ஒரு மூலையில் முஜ்கான் ஒரு சிறு செய்தியைப் பார்த்தாள்: அவர்கள் சங்கத்தின் மனை வங்கியில் அடமானத்தில் இருக்கிறதாம். அன்று மாலைக்குள் ஊரில் இருந்த உறுப்பினர் எல்லாருக்கும் அவளே இணைப்புப் போட்டுப் பேசினாள். மறுநாள் பெண்களும் பிள்ளைகளுமாகத் தலைவரின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டு மனையை மீட்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்படி எழும்பியதுதான் இந்த ஐந்து மாடி, பத்து வீட்டு ஹுஸுர் அபார்ட்மென்ட். ஹுஸுர் என்றால் நிம்மதி. அது பெயர்ப்பலகையில் மட்டும் இருந்தது என்று நெஜாத் சொல்வான். அவன் போய் வெகுகாலமாகிவிட்டது. செய்தியைப் படித்ததால்தான் வீடு கிடைத்தது என்ற எண்ணம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

சில வருடங்களுக்கு முன் நகரத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் அவளும் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடியவள்தான். அதனால் பழைய கட்டடங்களைச் சோதிக்க வேண்டும், ஆபத்தானவற்றை இடிக்க வேண்டும் என்ற சட்டத்தில் அவளுக்குச் சண்டை இல்லை. சண்டை எல்லாம் அதைச் செய்யும் விதத்தில்தான். அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது பத்து வீட்டுக்காரர்களையும் கீழ்க்கூடத்துக்கு வரவழைத்து, மேசை மேல் தட்டித் தட்டி விளக்கினாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. வீட்டுக்காரர்ல ஒரே ஒருத்தர் கேட்டாப் போதும், கட்டடத்தைச் சோதிப்பாங்க. ஆபத்துன்னு முடிவு வந்தா இனிமே தபால்காரன் வந்து உங்க கையில கொடுக்க மாட்டான். வாசக் கதவுல ஒரு காகிதம் ஒட்டுவாங்க. பதினஞ்சு நாள். அதுக்குள்ள ஆட்சேபணை சொல்லலைன்னா எல்லாரும் பாத்தாச்சுன்னு கணக்கு."

"நாங்க ஊர்ல இல்லைன்னா?" என்று இரண்டாம் மாடித் தையல்காரி பெல்கிஸ் கேட்டாள்.

"ஊர்ல இல்லைன்னாலும் பாத்தாச்சு. செத்துப் போயிருந்தாலும் பாத்தாச்சு! பேட்டைத் தலைவர் முஹ்தாரோட ஆபீஸ் பலகையிலயும் போடுவாங்க, போன்ல அரசாங்கப் பக்கத்துலயும் போடுவாங்க. அபராதம் கட்ட மட்டும்தானே நாம அதைத் திறப்போம்? அதனால கதவப் பாருங்க. தினமும் கதவப் பாருங்க!"

கதவைப் பார்க்கும் பொறுப்பை வழக்கம்போல எல்லாரும் அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அதுவும் பொருத்தம்தான். அந்தக் கதவோடு அவளுக்கு ஏற்கெனவே ஒரு தனிப்போர் நடந்துகொண்டிருந்தது. பூட்டுத் திறப்பவன், கம்பளம் துவைப்பவன், கணக்கு டியூஷன் எடுப்பவன், அடைப்பு எடுப்பவன் என்று ஊரில் உள்ள அத்தனை பேரும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவது அந்தக் கதவில்தான். ஒட்டும்போது ஒரு நொடி. எடுக்கும்போது நகம் பிய்யும். வினிகரும் காய்கறிக் கத்தியுமாக அவள் அடிக்கடி கீழே இறங்குவாள். ஒவ்வொரு ஸ்டிக்கரையும் ஒரு வசவோடு உரிப்பாள்.

அந்த வசந்தகாலத்தில் ஒரு பிற்பகல் தொலைக்காட்சியில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பு, வீட்டுவசதியில் குடிமக்களின் பங்கு. கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த ஒருவர், மக்களைக் கேட்காமல் ஒரு செங்கல்லையும் நகர்த்துவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். முஜ்கான் அவரைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருக்கும்போது, கீழே டேப்பை இழுத்துக் கிழிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். தொப்பி போட்ட ஒரு ஆள் கதவில் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தான்.

"டேய்! அது கதவா, உங்கப்பன் வீட்டு விளம்பரப் பலகையா? எடுடா அதை!"

அவன் நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னான். மினிபஸ் ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டு போனதில் ஒன்றும் கேட்கவில்லை. போனை உயர்த்திக் கதவைப் படம் எடுத்துவிட்டு, பைக்கில் ஏறிப் போய்விட்டான். அவள் வினிகரோடு இறங்கினாள். விவாதத்தில் விளம்பர இடைவேளை முடிவதற்குள் மேலே போக வேண்டும்; அந்தக் கோட்டுக்காரர் அடுத்து என்ன புளுகுகிறார் என்று கேட்க வேண்டும். பூட்டுக்காரன், கம்பளக்காரன், புதிதாக ஒட்டிய பெரிய தாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுரண்டி உருட்டிக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். ஒன்றையும் படிக்கவில்லை. நாட்டில் அச்சாகும் எல்லாவற்றையும் படிப்பவள், தன் கட்டடத்தின் தலையெழுத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு மேலே ஓடினாள்.

அது தெரிய வந்தபோது கோடை தொடங்கியிருந்தது. தரைத்தளத்து வீடு ஒன்றைப் போன வருடம் லெவென்ட் என்கிற கட்டுமானக்காரர் வாங்கியிருந்தார். அங்கே சுவரைத் துளைக்கும் சத்தம் கேட்டபோது சமையலறையை மாற்றுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் தூண்களில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூடத்துக்கு அழைத்தார். மேசையில் பக்லாவா இனிப்புப் பெட்டி. முகத்தில் பெண் கேட்டு வந்தவரின் சிரிப்பு.

"அக்கா, அண்ணே, எல்லாரும் வாங்க. நம்ம கட்டடம் ஆபத்துன்னு தீர்மானம் ஆயிடுச்சு. ஆட்சேபணை நாளும் முடிஞ்சாச்சு. கடவுள் நம்மைக் காப்பாத்தியிருக்காரு. இனி இடிச்சுட்டுக் கட்டறதுதான். நானே கட்டித் தர்றேன். கொஞ்சம் சின்ன வீடா இருக்கும், ஆனா புதுசு."

"தீர்மானமா? எந்தக் காகிதம்? எங்க ஒட்டினாங்க?" என்று முஜ்கான் பாய்ந்தாள்.

லெவென்ட் போனை நீட்டினார். நகராட்சி எடுத்த படம். அவர்கள் கதவு. நடுவில் வெள்ளைத் தாள், பக்கத்தில் பூட்டுக்காரனின் நீல ஸ்டிக்கர். தேதியைப் பார்த்ததுமே அவளுக்கு வினிகர் வாடை அடித்தது. 

"நான் தினமும் அந்த வழியாத்தான் போறேன், ஒரு காகிதமும் பாக்கல," என்றார் துர்குத்.

பெல்கிஸ் திரும்பினாள். "அக்கா, கதவப் பாக்கறது நீங்கதான். இப்படி ஒண்ணு இருந்துச்சா?"

கூடத்தில் இருந்த எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன. அவள் கண்ணுக்கு லெவென்டின் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. அந்தச் சிரிப்பை எப்படியாவது துடைத்துவிட வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"இல்ல," என்றாள். "அப்படி ஒண்ணும் இல்ல."

கூடம் கொந்தளித்தது. ஒட்டியவன் படம் எடுத்துவிட்டு உடனே கிழித்திருப்பான், லெவென்டிடம் காசு வாங்கியிருப்பான், இதெல்லாம் தெரியாத கதையா என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். நாடு அப்படி இருக்கிறது. பொய் சொல்ல அவள் சிரமப்படவே வேண்டியிருக்கவில்லை, மிச்சத்தை மற்றவர்கள் கட்டி எழுப்பிவிட்டார்கள். பெல்கிஸின் மருமகன் வக்கீல். அவன் போனிலேயே வழி சொன்னான்: ஒட்டியவன் மீது எல்லாருமாகப் புகார் கொடுங்கள், காகிதம் கதவில் இருக்கவே இல்லை என்று நிரூபித்தால் நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும், முஜ்கான் அக்காதான் முக்கிய சாட்சி. லெவென்ட் பக்லாவாவை மூடிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். துர்குத்கூட அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவள் செய்தியைப் போட்டாள். யாரோ ஒரு அதிகாரி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மைக்குகளுக்கு முன்னால் சாதித்துக்கொண்டிருந்தார். "பொய்!" என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

இரண்டு நாள் கழித்து வாசல் மணி அடித்தது. தொப்பிக்காரன் நின்றுகொண்டிருந்தான். பெயர் ரமிஸ், நகராட்சியில் ஒப்பந்த வேலை, ஐம்பது வயதிருக்கும். கெஞ்ச வந்தவனைப் போல இல்லை. அவளைவிட அதிகக் கோபத்தில் இருந்தான்.

"நான் காசு வாங்கிட்டுக் கிழிச்சேன்னு எழுதப்போறீங்களாமே? ஏக்கா, நாலு மூலையிலயும் டேப் போட்டு ஒட்டினேன். நீங்க மேல நின்னு என் அப்பனை இழுத்தீங்க. அரசாங்கக் காகிதம்க்கா, எடுக்காதீங்கன்னு கத்தினேன்."

"கேக்கல."

"கேக்கலைன்னா இறங்கி வந்து படிச்சிருக்கலாமே?"

"நீ ஏன் மணி அடிக்கல?" முஜ்கானின் குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. "பத்து வீடு! பத்துப் பொத்தான்! ஒண்ணை அழுத்தினா உன் விரல் தேஞ்சா போயிடும்? உங்க வீடு இடியப் போகுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"மணி அடிக்கச் சொல்லிச் சட்டத்துல இல்லக்கா. ஒட்டு, படம் எடு, போ. ஒரு நாளைக்கு எத்தனை கதவு தெரியுமா? ஒவ்வொண்ணுலயும் மணி அடிச்சு நின்னா, ஒவ்வொரு வீட்டுலயும் எனக்கு அடிதான் விழும். என் வீட்டுக் கதவுலயே போன மாசம் ஒட்டியிருக்காங்க. வேற ஆளை அனுப்பி."

அவள் அவனை உள்ளே கூப்பிடவும் இல்லை, துரத்தவும் இல்லை.

"எனக்கு வேலை போகும்," என்றான். "அது போகட்டும். ஆனா நான் ஒட்டினேன். அது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

அவன் இறங்கிப் போனான். முஜ்கான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டம் எழுதியவன் மீது எரிச்சல், சுவரைத் துளைத்த லெவென்ட் மீது எரிச்சல், இவன் மீதும் எரிச்சல். எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுத்த பிறகும் ஒரு பெரிய துண்டு மிச்சமிருந்தது, அது அவளுடையது. உண்மையைச் சொன்னால் கடைசி வழியும் அடைபடும். தான் மட்டுமல்ல, பெல்கிஸும், துர்குத்தும், எல்லாரும் வீட்டை விட்டு இறங்க வேண்டிவரும். சொல்லாவிட்டால் இந்த ஆள் தெருவில் நிற்பான். அவள் வாழ்நாளெல்லாம் திரையைப் பார்த்துக் கத்தியது இந்தக் கணக்கைப் போட்டவர்களை நோக்கித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புகாரில் கையெழுத்துப் போட எல்லாரும் கூடத்தில் நாற்காலிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். லெவென்டும் தன் வீட்டிலிருந்து வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். அவருக்கும் அங்கே ஒரு வீடு இருக்கிறது, போகச் சொல்ல முடியாது. பெல்கிஸ் பேனாவை முதலில் முஜ்கானிடம் நீட்டினாள்.

"நான் போடல," என்றாள் முஜ்கான். "காகிதம் ஒட்டியிருந்தது. நான்தான் உரிச்சேன். விளம்பரம்னு நினைச்சுப் படிக்காமப் போட்டுட்டேன். அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நீயா?" பெல்கிஸுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "தினமும் கதவப் பாருங்க, தினமும் கதவப் பாருங்கன்னு எங்க உயிரை எடுத்தியே! உலகத்துச் செய்தியெல்லாம் உனக்குத் தெரியும், உன் கதவு தெரியலையா? எனக்கு இந்த வீட்டை விட்டா வேற என்ன இருக்கு?"

"திட்டு," என்றாள் முஜ்கான். "இன்னும் திட்டு. எனக்கு வேணும். ஆனா அந்த ஒட்டின ஆள் மேல புகார் போகக் கூடாது."

"இவ்வளவு நாள் கழிச்சு இப்ப எதுக்குச் சொல்ற? வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தா வீடு தப்பிச்சிருக்கும்ல?" என்று மேல்மாடியிலிருந்து வந்தவர் சீறினார்.

லெவென்ட் சுவரிலிருந்து நிமிர்ந்தார். "விடுங்க, பாவம், அக்காவுக்கு வயசாச்சு. நடந்தது நல்லதுக்குத்தான். நாளும் போயாச்சு, வழியும் இல்ல. என்கிட்ட ஒப்பந்தம் தயாரா இருக்கு. இன்னைக்கே போட்டா எல்லாருக்கும் நல்லது. போடாதவங்க பங்கு ஏலத்துக்குப் போயிடும், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

ஏலம் என்ற வார்த்தை கூடத்தைச் சுற்றி வந்தது.  யாரோ ஒப்பந்தத்தைக் கொடுங்கள் என்று கை நீட்டினார்கள். புகாருக்கு என்று திறந்த பேனாக்கள் அப்படியே லெவென்ட் பக்கம் திரும்பின.

முஜ்கான் எழுந்தாள். "நிறுத்துங்க! இவரு ரெண்டை ஒண்ணாச் சேத்துப் பேசறாரு. நாள் போனது இடிக்கறதுக்கு. என்னாலதான் போச்சு, கட்டடம் இடியும், சரி. ஆனா யாரு கட்டணும், எப்படிக் கட்டணும்னு முடிவு பண்ற நாள் போகவே இல்ல. அதுக்கு..."

"உக்காரு!" என்று பெல்கிஸ் கத்தினாள். "உன் பாடம் போதும்! உன்னை நம்பித்தானே இப்படி நிக்கறோம்!"

"உக்காரு, உக்காரு," என்றன இரண்டு மூன்று குரல்கள். லெவென்ட் தாள்களை விநியோகிக்க ஆரம்பித்தார். முஜ்கான் உட்காரவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு முகம் இல்லை.

அப்போது துர்குத் தன் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"இருங்க. இத்தனை வருஷமா இந்தம்மா சொன்ன ஒரு வார்த்தையையும் நான் நம்பினதில்ல. உங்க எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு நம்பறேன். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இவ வீடும் மிஞ்சியிருக்கும், நாமளும் இவளைத் தலையில தூக்கி வெச்சிருப்போம். தன் வீட்டையே எதுத்து உண்மையைச் சொன்னவளுக்கு, அடுத்த நிமிஷம் நம்மகிட்ட பொய் சொல்ல என்னய்யா அவசியம்?" அவர் லெவென்டைப் பார்த்தார். "அந்தப் பேப்பரை என் மடியில வெக்காதீங்க தம்பி. முதல்ல அவ பேசட்டும்."

லெவென்டின் கை நடுவழியில் நின்றது. பெல்கிஸ் கண்ணைத் துடைத்தாள். பேனாவை மூடினாள். மூடிய பிறகும் அதைக் கத்தி மாதிரிப் பிடித்துக்கொண்டு முஜ்கானைப் பார்த்தாள்.

"உன் மேல எனக்கு இன்னும் கோபம் தீரல. தீரவும் தீராது. ஆனா சொல்லு. யாரு கட்டணும்னு யாரு முடிவு பண்றது?"

"நாமடி!" முஜ்கான் போட்ட சத்தத்தில் கூடத்துக் கண்ணாடி அதிர்ந்தது. "பாதிக்கு மேல நாம ஒண்ணா நின்னா நாமதான்! அதுல சேராதவங்க பங்குதான் ஏலத்துக்குப் போகும்! இவருக்கு இருக்கறது ஒரு வீடு. நமக்கு இருக்கறது ஒன்பது!"